முதல் வரியில் எந்த ஷெல்லோ, சோதனையும் அதில்தான்

அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலைக்கு, இரவுதோறும் கணக்குக் கோப்புகளைக் காப்பெடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். ஷெல் என்பது கட்டளைகளை வரிவரியாகப் படித்து ஓட்டும் நிரல். மறுநாள் காலை கணக்கர் அண்ணாச்சி போனில் கூப்பிட்டார்: "தம்பி, பழைய காப்பையும் காணவில்லை, புதியது பாதிதான் இருக்கிறது."

பிழை என்னுடையது. எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியில் #!/பின்/எஸ்ஹெச் என்று எழுதிவிட்டு, பாளையங்கோட்டையில் என் மடிக்கணினியில் பாஷ் என்ற ஷெல்லைக் கொண்டு ஓட்டிப் பார்த்திருந்தேன். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையின் வெளியீட்டையும் பிழைச் செய்திகளையும் ஒரே பதிவுக் கோப்புக்கு அனுப்ப &> போட்டிருந்தேன். அது பாஷுக்குப் புரியும். ஆலைக் கணினியில் டெபியன் லினக்ஸ். அங்கே எஸ்ஹெச் என்றால் டாஷ் என்ற வேறொரு ஷெல். டாஷ் அதை & தனி, > தனி என்று படிக்கும். டாரைப் பின்னணியில் ஓடவிட்டு, பதிவுக் கோப்பை வெறுமையாக்கி, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அடுத்த வரி பழைய காப்பை அழிப்பது. அதற்கடுத்தது கணினியை அணைப்பது.

ஆகவே &> வேண்டாம். >பதிவு 2>&1 என்று எழுதுங்கள்; பாஷ், டாஷ் போன்ற எஸ்ஹெச் வகை ஷெல்கள் எல்லாம் ஒரே மாதிரி படிக்கும். அழிக்கும் கட்டளையை && போட்டு டாரோடு பிணையுங்கள். டார் தோற்றால் பழையது பிழைக்கும்.

உபுண்டு லினக்ஸ் 2006இல், 6.10 பதிப்பில், எஸ்ஹெச்சை டாஷுக்கு மாற்றியது. வேகத்துக்காகச் செய்த மாற்றம். சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். அதனால் நிபந்தனைகளுக்கு, டாஷுக்குப் புரியாத [[ ]] வேண்டாம், [ ] போதும். மாறிகளை மேற்கோளுக்குள் வையுங்கள். ஒப்பிட == அல்ல, ஒற்றை =. திரையில் எழுத எக்கோவுக்குப் பதில் பிரின்ட்எஃப். உரை திருத்தும் செட் கருவியில், கோப்பை அதிலேயே மாற்றும் -ஐ விருப்பம் லினக்ஸில் ஒரு மாதிரி, மேக்கில் வேறு மாதிரி. அதற்குப் பதில் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றிவிடுங்கள். குழாயில் (|) கோத்த கட்டளைகளில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயில், ஷெல்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் 2024 பதிப்பில்தான் சேர்ந்தது, பழைய கணினிகளில் அதை நம்ப முடியாது.

'டாஷ் -என்' கொடுத்தால் இலக்கணம் மட்டுமே பார்க்கும்; என் &> அதில் தேறிவிடும். டெபியனின் டெவ்ஸ்கிரிப்ட்ஸ் தொகுப்பிலுள்ள செக்பாஷிஸம்ஸ் என்ற கருவி அதைப் பிடித்துவிடும். அதன் பிறகு டாஷிலேயே ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள்.

பல மதிப்புகளை ஒரே மாறியில் வைக்கும் அணிகள் (அரே) இல்லாமல் முடியாத வேலையா? தாராளமாகப் பாஷில் எழுதுங்கள், முதல் வரியில் பாஷ் என்றே போடுங்கள். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் பாஷ் வேறு அடைவில் இருக்கும் என்பதால் #!/யுஎஸ்ஆர்/பின்/என்வ் பாஷ் என்று எழுதுவது நல்லது.