மறுமொழிப் பெட்டியை அடுத்தவரிடம் ஒப்படைக்காதீர்கள்: வலைப்பூவைச் சமூக ஊடகங்களுடன் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த சில மாதங்களாக, புதிதாக வலைப்பூ தொடங்கியிருக்கும் பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், ஊர் வரலாறு எழுதுவோர் எனப் பலருக்கும் அமைப்புகளைச் சரிபார்த்துத் தரும் வேலையைச் செய்து வருகிறேன். பல வலைப்பூக்களின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டிய திரட்டிகளை நம்பித் தமிழ்ப் பதிவுலகம் இயங்கிய காலத்தில் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை, கருவிகளின் பெயர் மட்டும் மாறியிருக்க, இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன். கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறர் எடுத்த படத்தைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள் என்பன போன்ற, எவரும் அறிந்த அறிவுரைகளை இங்கே விட்டுவிடுகிறேன். செய்யும்போது பிழை என்றே தோன்றாதவை, தெரியவரும்போது சரிசெய்ய வழி இல்லாதவை ஆகியவற்றைப் பற்றி மட்டுமே எழுத விரும்புகிறேன்.

மறுமொழிப் பெட்டியை அகற்றிவிட்டுச் சமூக வலைத்தளத்தின் பெட்டியைப் பொருத்துவது

இந்த ஒன்றைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. மற்ற பிழைகளால் வாசகர் எண்ணிக்கை குறையும். இதனால் வாசகர் எழுதியதே அழிந்துபோகும். இன்றும் ஒரு புதிய வலைப்பூவில் இதைக் காணும்போது எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. வலைப்பூவில் மறுமொழி எழுத வருபவர் பெயரும் மின்னஞ்சலும் நிரப்ப வேண்டும். சமூக வலைத்தளத்தில் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பவரோ நேரடியாக எழுதிவிட்டுப் போகலாம். எழுதியவரின் படம் வரும், அவருடைய நண்பர்களுக்கும் அது தெரியும், வேண்டாத விளம்பர மறுமொழிகளான எரிதங்களின் தொல்லையும் குறையும். ஆகவே தளத்தோடு வந்த பெட்டியை மூடிவிட்டு, வெளிச் சேவையின் நிரல்துண்டைத் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவில் ஒட்டிவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் வாசகர் எழுதும் ஒரு சொல்கூட வலைப்பூவின் தரவுத்தளத்தில் சேர்வதில்லை. பக்கத்தில் இருப்பது ஒரு நிரல் வரி மட்டுமே. யாராவது பக்கத்தைத் திறக்கும் நொடியில் அது வெளிச் சேவையின் வழங்கிக் கணினியிடம் சென்று, இந்த முகவரிக்கு உரிய மறுமொழிகளைக் கொடு என்று கேட்டு வாங்கிக் காட்டுகிறது.

இதில் சிக்கல் தொடங்குவது முகவரியில்தான். மறுமொழிகள் பக்கத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால், அந்த முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தச் சேவையைப் பொறுத்தவரை அது வேறொரு பக்கம் ஆகிவிடுகிறது. சொந்தப் பெயரில் தளமுகவரி வாங்கினாலும், பாதுகாப்பான இணைப்புக்கு மாறும்போது முகவரியின் முன்னொட்டு மாறினாலும், பழைய இடுகையின் நிரந்தர முகவரியான நிலைச்சுட்டியைத் திருத்தினாலும் பெட்டி காலியாகக் காட்சி தரலாம். பிளாகர் பயன்படுத்திய தமிழர்களுக்கு 2012-இல் இது விசித்திரமான முறையில் நேர்ந்தது. அந்த ஆண்டு பிளாகர், வாசகர் எந்த நாட்டிலிருந்து திறக்கிறாரோ அந்த நாட்டுக்குரிய முகவரிக்குத் திருப்பத் தொடங்கியது. அப்போது இந்தியாவிலிருந்து திறந்தால் முகவரி டாட் இன் என்று முடிந்தது, லண்டனிலிருந்து திறந்தால் டாட் கோ டாட் யூகே என்று முடிந்தது. மூல முகவரியை நிரலில் குறிப்பிட்டுக் கொடுக்காமல் வெளிப் பெட்டியைப் பொருத்தியிருந்தவர்களின் உரையாடல் இதனால் துண்டு துண்டானது: மதுரையில் இருப்பவர் எழுதியது லண்டனில் இருப்பவருக்குத் தெரியாது, லண்டனிலிருந்து வந்த பதில் மதுரைக்கு வந்து சேராது. எழுதியவர் இருவரும் தமக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

முகவரியே மாறாமல் இருந்தாலும், சேவை மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019 சாட்சி. கூகுள் நடத்திய சமூக வலைத்தளமான கூகுள் பிளஸின் மறுமொழிப் பெட்டியை 2013 ஏப்ரலில் பிளாகரில் அறிமுகப்படுத்தினார்கள். பிளாகரும் கூகுளுடையது, பிளஸும் கூகுளுடையது, ஆகவே எங்கே போய்விடப் போகிறது என்ற நம்பிக்கையில் ஏராளமானோர் மாறினார்கள். 2019 பிப்ரவரி 4-க்குள் பிளாகரிலிருந்து அந்த வசதி நீக்கப்படும் என்றும், ஏப்ரல் 2 முதல் மறுமொழிகள் அழிக்கப்படும் என்றும், அவற்றைப் பிளாகரின் சொந்த மறுமொழிகளாக மாற்ற இயலாது என்றும் அறிவிப்பு வந்தது. ஒரே நிறுவனத்தின் இரு சேவைகளுக்கு இடையிலேயே மாற்ற வழியில்லை என்றால், வேறொரு நிறுவனத்திடமிருந்து எதை எதிர்பார்ப்பது?

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி நெடுங்காலமாக எழுதி வருகிறார். கண்மாய்க்குள் நின்று நீரைத் திறந்துவிடும் கல் மதகுகளான குமிழி மடைகளைப் பற்றி அவர் எழுதிய ஓர் இடுகையின் கீழே, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் மறுமொழி எழுதியிருந்தார். அவருடைய தந்தை அந்த ஊரில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். குமிழிக் கல்லைத் தூக்குவதற்கு எத்தனை பேர் நீரில் இறங்குவார்கள், எந்த மடையை முதலில் திறப்பார்கள், தண்ணீர் குறைந்த ஆண்டில் அந்த வரிசை எப்படி மாறும், சேற்றை வெளியேற்றும் கீழ்த்துளை அடைத்துக்கொண்டால் அதை எப்படிக் குத்திவிடுவார்கள் என்றெல்லாம், பத்தி பிரிக்காமல், நிறுத்தற்குறி இல்லாமல், ஒரே மூச்சில் எழுதியிருந்தார். பெரியவர் மேலும் கேட்கக் கேட்க, இரவு வேலை முடிந்து வந்து மடைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதினார். இடுகையைவிட மறுமொழிகளே அரியவை என்று அதைப் படித்த எவரும் சொல்வார்கள்.

அந்த உரையாடல் முழுவதும் ஒரு வெளிச் சேவையின் பெட்டிக்குள் நடந்தது. பெரியவர் பின்னர் சொந்தத் தளமுகவரிக்கு மாறியபோது பெட்டி காலியானது. பழைய முகவரியைக் கொடுத்து மீட்டுவிடலாம் என்று நாங்கள் இறங்குவதற்குள் அந்தச் சேவையே நிறுத்தப்பட்டது. இணைய ஆவணக் காப்பகத்தில் தேடினோம். அந்த இடுகையின் பழைய படி அங்கே இருந்தது; ஆனால் பக்கம் திறந்த பிறகு வெளியிலிருந்து நிரல் கொண்டுவந்து காட்டும் பகுதி பெரும்பாலும் காப்பகத்தில் பதிவாவதில்லை என்பதால், மறுமொழி இருந்த இடத்தில் வெற்றிடமே இருந்தது. மறுமொழி எழுதியவரின் மின்னஞ்சல்கூட அந்தச் சேவையிடம்தான் இருந்தது. அவரை மீண்டும் தொடர்புகொள்ள முடியவில்லை. மடைகளின் பெயர்களில் சிலவற்றைப் பெரியவர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். திறக்கும் வரிசை போயே போய்விட்டது.

ஆகவே நான் வலியுறுத்துவது இதுதான்: பிளாகரோ வேர்ட்பிரஸோ, தளத்தோடு வரும் மறுமொழிப் பெட்டியையே வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்களும் கூகுள் கணக்கு இல்லாதவர்களும் எழுத வேண்டும் என்றால், பிளாகரில் எவரும் மறுமொழி இடலாம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே மறுமொழி வெளியாகும் மட்டுறுத்தலை இயக்கிவிட்டால் போதும். பிளாகரின் அமைப்புகளில் உள்ள காப்பெடுக்கும் வசதியும், வேர்ட்பிரஸின் கருவிகள் பகுதியில் உள்ள ஏற்றுமதி வசதியும் இடுகைகளோடு மறுமொழிகளையும் கோப்பாகத் தருகின்றன. இறக்கிய கோப்பைத் திறந்து, உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு மறுமொழியின் சொற்களை அதில் தேடிப் பாருங்கள். அகப்பட்டால்தான் அது உங்களிடம் இருக்கிறது என்று பொருள். படங்கள் அந்தக் கோப்பில் வராது, அவற்றைத் தனியே சேமிக்க வேண்டும். ஏற்கெனவே டிஸ்கஸ் போன்ற சேவைக்கு மாறிவிட்டவர்கள், அது தரும் ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்தி இன்றே ஒரு படியை இறக்கி வைப்பது நல்லது.

தானியங்கிப் பகிர்வை மட்டும் நம்பி இருப்பது

இடுகையை வெளியிட்டதும் அது தானாகவே எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரும் என்று அமைத்துவிட்டு, பிறகு அதைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பவர்கள் பலர். இந்த இணைப்புகள் எவையும் நிலையானவை அல்ல. 2018 ஆகஸ்ட் முதல், வெளிச் செயலிகள் தனிநபர் கணக்கின் சுவரில் தானாக இடுகை இடுவதை ஃபேஸ்புக் நிறுத்திவிட்டது. 2023-இல் ட்விட்டர், வெளிச் செயலிகள் தன்னோடு இணையும் வழியான நிரலிடைமுகத்துக்குப் பெருந்தொகை கேட்கத் தொடங்கியபோது, வேர்ட்பிரஸ் டாட் காம் அங்கே தானாகப் பகிரும் வசதியைக் கைவிட்டது. வலைப்பூக்களின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் போனது. புதிய இடுகைகளை வாசகருக்கு அனுப்பிவந்த ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சந்தா 2021 ஜூலையில் போனது. ஃபீட்பர்னர் விஷயத்தில், சந்தாதாரர் பட்டியலை முன்கூட்டியே இறக்கி வைத்தவர்கள் வேறு சேவைக்கு மாறிக்கொண்டார்கள். மற்றவர்கள் வாசகர்களை முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று.

புதிய இடுகைகளைச் செயலிகள் எடுத்துக்கொள்ளும் ஓடை முகவரியும் மின்னஞ்சல் பட்டியலும் உங்கள் கையில் இருக்கட்டும். சமூக ஊடகத்தில் பகிர்வதைக் கையாலேயே செய்யுங்கள். இடுகை எதைப் பற்றியது என்று இரண்டு வாக்கியம் அங்கே சொந்தமாக எழுதிச் சுட்டி கொடுத்தால், தலைப்பும் சுட்டியும் மட்டும் தானாக வந்து விழுவதைவிட அதைத் திறந்து படிப்பவர்கள் அதிகம் என்பது என் அனுபவம்.

தமிழ்த் தலைப்பிலிருந்து உருவாகும் சுட்டியைக் கவனிக்காமல் விடுவது

இது தமிழில் எழுதுவோருக்கே உரிய தொல்லை. ஆங்கிலக் கையேடுகளில் இதற்கு விடை கிடைக்காது. பிளாகர், முழுக்கத் தமிழில் அமைந்த தலைப்பிலிருந்து சுட்டி உருவாக்கத் தெரியாமல், பிளாக் போஸ்ட் என்ற பொதுப் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து வைத்துவிடுகிறது. வாட்சப்பில் அந்தச் சுட்டியைப் பெறுபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. வேர்ட்பிரஸ் தமிழ் எழுத்துகளை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சுட்டியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு ஒருங்குறிப் புள்ளியும் (எழுத்துக்கோ அதன் துணைக்குறிக்கோ கணினி தரும் எண்) விழுக்காட்டுக் குறிகள் கலந்த ஒன்பது குறிகளாக விரிகிறது. 'கோ' என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு புள்ளிகள் என்பதால் பதினெட்டு குறிகள். இந்த விரிந்த வடிவத்துக்கு வேர்ட்பிரஸ் 200 குறி என்ற வரம்பு வைத்திருப்பதால், ஏறத்தாழ 22 புள்ளிகளுக்கு மேல் போகும் தலைப்பு நடுவிலேயே அறுந்துபோகிறது.

வெளியிடும் முன்பே நிலைச்சுட்டிப் பெட்டியில் ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொற்களைக் கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால், அதுவரை பகிரப்பட்ட சுட்டிகள் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

முன்னோட்டப் படம்

சுட்டியைப் பகிரும்போது அதனோடு தோன்றும் படத்துக்கு 1200 பிக்சல் அகலம், 630 பிக்சல் உயரம் வையுங்கள். படத்தை மாற்றிய பிறகும் ஃபேஸ்புக்கில் பழைய படமே வந்தால், அவர்களுடைய பகிர்வுச் சோதனைக் கருவியில் முகவரியைக் கொடுத்து மீண்டும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

கதவை முழுக்கத் திறப்பது, அல்லது முழுக்கச் சாத்துவது

மட்டுறுத்தல் இல்லாமல் தொடங்குபவர், முதல் வசைமொழி வந்ததும் மறுமொழியையே மூடிவிடுகிறார். இரண்டுக்கும் நடுவே நல்ல வழிகள் இருக்கின்றன. வேர்ட்பிரஸில், ஒருவருடைய முதல் மறுமொழியை மட்டும் நீங்கள் பார்த்து அனுமதித்தால் போதும், அடுத்தடுத்து அவர் எழுதுவது நேரடியாக வெளியாகும் என்ற அமைப்பு இருக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ சுட்டிகள் உள்ள மறுமொழியைத் தானாக நிறுத்தி வைக்கவும் செய்யலாம். பிளாகரில், இடுகை வெளியாகிக் குறிப்பிட்ட நாட்கள் கடந்த பிறகு வரும் மறுமொழிகளை மட்டும் மட்டுறுத்தலாம். எரிதங்கள் பெரும்பாலும் பழைய இடுகைகளுக்கே வருகின்றன என்பதால், புதிய இடுகையில் உரையாடல் தடைபடாமல் நடக்க இது உதவுகிறது.

எல்லாவற்றையும் மட்டுறுத்துவது என்று முடிவெடுத்தால், ஒரு நாளுக்குள் பார்த்து வெளியிடும் பழக்கம் வேண்டும். சிரத்தையோடு எழுதிய மறுமொழி ஒரு வாரம் கிடப்பில் கிடந்தால், எழுதியவர் இரண்டாம் முறை வருவதில்லை. கடுமையான விமர்சனத்தை வெளியிடலாம், வெளியிடாமலும் விடலாம். அது உங்கள் உரிமை. ஆனால் அதில் பாதியை வெட்டிவிட்டு மீதியை அவர் பெயரில் வெளியிடுவது, அவர் சொல்லாததை அவர் சொன்னதாகக் காட்டுவதாகும். அனானியாக வருகிறவர் எல்லாரும் வம்புக்கு வருகிறவர் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அலுவலகத்தைப் பற்றியோ சாதிக் கொடுமையைப் பற்றியோ எழுதும் இடுகையில், பெயரைச் சொல்லிப் பேச முடியாதவர்கள்தான் அதிகம் அறிந்தவர்களாக இருப்பார்கள்.

"அருமையான பதிவு, நன்றி" என்பதோடு ஒரு விற்பனைச் சுட்டி

எரிதம். நீக்குங்கள்.

ஃபேஸ்புக்கில் வந்த மறுமொழியைக் கேட்காமல் எடுத்து ஒட்டுவது

நண்பர்கள் மட்டும் பார்க்கட்டும் என்று ஒருவர் எழுதியதை, தேடுபொறி எடுத்துக்காட்டும் பொதுவெளிக்குக் கொண்டுவரும் முன் அவரிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். சரி என்றால், பெயரோடு இடுகையின் கீழே பின்குறிப்பாகச் சேர்த்துவிடலாம்.

செயலிழந்த பட்டைகளை வார்ப்புருவிலேயே விட்டு வைப்பது

திரட்டிகளின் வாக்குப்பட்டை, மூடப்பட்ட பகிர்வுச் சேவைகளின் பொத்தான், யாரோ சொன்னதற்காகச் சேர்த்த வருகைக் கணிப்பான் ஆகியவை இன்னும் பல பழைய வார்ப்புருக்களில் கிடக்கின்றன. நண்பரிடமிருந்து வார்ப்புருவை வாங்கிப் பயன்படுத்தும் புதியவர்களுக்கும் அவை அப்படியே வந்து சேர்கின்றன. பக்கம் திறக்கும்போதெல்லாம் இல்லாத வழங்கியைத் தேடி நிரல் காத்திருப்பதால் பக்கம் மெதுவாகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, காலாவதியான தளமுகவரியை வேறொருவர் வாங்கிவிட்டால், அவர் வைக்கும் எந்த நிரலும் உங்கள் பக்கத்தில் ஓடும் என்பதுதான். கட்டுரையைத் தொட்டதும் சூதாட்ட விளம்பரம் திறக்கிறது என்று வாசகர் சொன்னால், முதலில் தேட வேண்டிய இடம் இதுவே. வார்ப்புருவில் வெளி முகவரியைக் குறிப்பிடும் ஒவ்வொரு நிரல் வரியையும் பார்த்து, இன்று பயன்படாத எதையும் நீக்கிவிடுங்கள். திருத்தத் தொடங்கும் முன் வார்ப்புருவைத் தனியே ஒரு படி இறக்கி வைத்துக்கொள்வது அவசியம்.