பிறர் பையைத் தொடும் முன்: சிங்கப்பூருக்குப் புதிதாக வரும் தமிழருக்கு

சிங்கப்பூரில் வந்திறங்கியவருக்கு ரயில் அட்டை எங்கே வாங்குவது, ஊருக்குப் பணம் அனுப்ப எந்தக் கடை, தேக்காவில் எங்கே வயிறார உண்ணலாம் என்றெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தூக்குத் தண்டனையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வந்த அன்றே அதைப் பேசுவது அபசகுனம் என்று நினைக்கிறார்கள் போலும். முன்பெல்லாம் விமானத்தில் தரும் வெள்ளை வருகை அட்டையில், போதைப்பொருள் கடத்தினால் மரணம் என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நான் வந்தபோது அதைப் படித்து முதுகுத்தண்டு சில்லிட்டது. இப்போது அந்த அட்டை இல்லை, எல்லாம் இணையத்தில் நிரப்புகிறோம். சட்டம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

சில மாதங்களுக்குள் உங்கள் கைப்பேசிக்கும் அந்தச் செய்தி வரும். சாங்கி சிறையில் இன்னாருக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று. பல முறை அது தமிழ்ப் பெயராக இருக்கும், மலேசியக் குடியுரிமையாக இருக்கும். ஒரு வாரம் எங்கும் அதே பேச்சு. விடுதி அறையில், சாப்பாட்டுக் கடையில், வேலையிடத்தில் எல்லோரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். பிறகு ஒரு விடியலில் எல்லாம் முடிந்துவிடும், பேச்சும் அடங்கிவிடும்.

2022-ல் நாகேந்திரன் தர்மலிங்கம் வழக்கில் நடந்தது இதுதான். மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த அவர் 2009 ஏப்ரலில், எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின் இருந்தது. அவருடைய அறிவுத்திறன் அளவு (ஐ.க்யூ.) 69, சராசரியைவிட மிகக் குறைவு, என்று மருத்துவ அறிக்கை சொன்னது. தாம் என்ன செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. மலேசியப் பிரதமர் கடிதம் எழுதினார், ஐரோப்பிய ஒன்றியம் கேட்டுக்கொண்டது, ஐ.நா. வல்லுநர்கள் குரல் கொடுத்தார்கள். கடைசி நாளன்று நீதிமன்றத்தில் கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியாகக் குடும்பத்தினர் அவர் கையைப் பற்றிக்கொண்டார்கள். மறுநாள், ஏப்ரல் 27 அன்று, தண்டனை நிறைவேறியது.

அந்த வாரம் முழுவதும் எங்கள் அறையில் நடந்த வாக்குவாதம் இன்னும் காதில் ஒலிக்கிறது. பாவம், ஏழைப் பையன் என்றார் ஒருவர். அவன் கொண்டுவந்த சரக்கால் எத்தனை வீடு அழிந்திருக்கும் என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் 13 ஆண்டுகளுக்கு முன், பிடிபட்ட முதல் இரண்டு நாளில் என்ன நடந்தது, அவர் என்ன சொன்னார், யார் கூட இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர் கூடிக் கூக்குரல் எழுப்புவது கடைசி வாரத்தில். வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் எழுதப்படுவதோ முதல் வாரத்தில்.

சட்டம் சொல்வது

மரண தண்டனைக்கான எல்லை: கலப்பற்ற ஹெராயின் 15 கிராமுக்கு மேல், கொக்கெய்ன் 30 கிராமுக்கு மேல், மெத்தம்ஃபெட்டமின் 250 கிராமுக்கு மேல், கஞ்சா 500 கிராமுக்கு மேல். எடை எல்லையைத் தாண்டிக் கடத்தல் குற்றம் நிரூபணமானால் தூக்குதான், சட்டத்தில் சொல்லியிருக்கும் விலக்குகளைத் தவிர. நீதிபதி மனமிரங்கித் தண்டனையைக் குறைக்க இடமில்லை.

இந்த எடைகளைவிட முக்கியமானது ஊகம் என்ற விதி. இரண்டு கிராமுக்கு மேல் ஹெராயின் கையிலிருந்தால் விற்கத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று சட்டம் ஊகிக்கும். போதைப்பொருள் இருந்த பை உங்கள் வசம் இருந்தாலோ, அது இருந்த அறையின் சாவி உங்களிடம் இருந்தாலோ, அது உங்களுடையது என்று ஊகிக்கும். அது என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும் என்றும் ஊகிக்கும். இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில். நம் ஊரில் நிரூபிக்க வேண்டியது போலீஸ்தானே என்ற நினைப்பில் வருபவர்களுக்கு இது புரியவே நாளாகிறது.

தெரியாது என்ற சொல் இங்கே ஒருபோதும் எடுபடாது என்றும் சொல்லிவிட முடியாது. 2011-ல் பெட்டியின் உட்புறம் மறைத்துவைத்த மெத்தம்ஃபெட்டமினுடன் சாங்கி விமான நிலையத்தில் பிடிபட்ட ஒரு நைஜீரியரை, உள்ளே இருந்தது அவருக்குத் தெரியாது என்று ஏற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் விடுவித்தது. ஏழரை ஆண்டுகள் கழித்து.

2013 தொடக்கத்திலிருந்து ஒரு சிறிய கதவு திறந்திருக்கிறது. வெறுமனே சுமந்து வந்தவர், அதாவது கடத்தல் கும்பலின் கூலியாள் என்று நிரூபித்து, கும்பலைப் பிடிக்கக் கணிசமாக உதவினார் என்ற சான்றிதழும் கிடைத்தால், தூக்குக்குப் பதில் ஆயுள் சிறையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்கலாம். அப்படிப்பட்ட கூலியாளுக்கு மனநலக் குறைபாடு நிரூபணமானால் ஆயுள் சிறை. சான்றிதழைத் தருவது நீதிபதி அல்லர், அரசுத் தரப்பு வழக்கறிஞர். கூலியாள் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டும் சான்றிதழ் கிடைக்காமல் தூக்கிலிடப்பட்ட மலேசியத் தமிழர் உண்டு. கும்பலின் தலைவன் யாரென்றே தெரியாத கடைநிலைக்காரனால் எதைக் காட்டிக்கொடுக்க முடியும்? விவாதத்தில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான்.

பையும் பொட்டலமும்

ஊருக்குப் போகிறவரிடம் பொருள் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். திருச்சி விமான நிலையத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மா, மகனுக்கு முறுக்கு என்று ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். முதல் பயணத்தில் நான் வாங்கிக்கொண்டேன். முறுக்குத்தான் இருந்தது. சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகு அதை நினைத்து இரண்டு இரவு தூக்கம் போனது. இப்போதெல்லாம் என் சொந்த அண்ணன் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்து, நானே மறுபடி கட்டித்தான் எடுத்துவருகிறேன். அவர் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும்.

வார இறுதியில் எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய்வருவீர்கள். அங்கே யாராவது, இந்தப் பையை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடு, நூறு வெள்ளி (டாலர்) தருகிறேன் என்றால், நின்று பதில்கூடச் சொல்லாதீர்கள். நண்பரின் வண்டியில் எல்லை தாண்டினால் பின்பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். வங்கி அட்டை, சிம் அட்டை, அறைச் சாவி எதையும் இரவல் கொடுக்காதீர்கள். கஞ்சா கடத்தல் வழக்கில் 2023-ல் தூக்கிலிடப்பட்ட தங்கராஜு சுப்பையா அந்தக் கஞ்சாவைக் கையால் தொடவே இல்லை. இரண்டு கைப்பேசி எண்கள் அவருடையவை என்ற முடிவுதான் அவரை வழக்கோடு பிணைத்தது.

சமையல் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கசகசா அபினிச் செடியின் விதை என்பதால் இங்கே தடை. குருமாவுக்கு முந்திரியோ தேங்காயோ போதும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு மருத்துவர் சீட்டு மட்டும் போதாது, சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதியும் தேவைப்படலாம். இவற்றுக்குத் தூக்கு இல்லை, ஆனால் வேலை போகும்.

பிடிபட்டால்

உங்களுக்கு வேண்டாம். அறை நண்பருக்கு என்று வைத்துக்கொள்வோம்.

மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதிகாரிகள் வாக்குமூலம் எடுப்பார்கள். வழக்கறிஞர் உடனே பக்கத்தில் வந்து உட்காருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம், இங்கே அதற்கு நேரம் பிடிக்கும். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, எதிர்வாதமாக ஏதேனும் இருந்தால் இப்போதே சொல், பிறகு நீதிமன்றத்தில் சொன்னால் நீதிபதி நம்புவது குறையலாம் என்று எச்சரிப்பார்கள். இதை நம் ஆட்கள் மிரட்டல் என்று எண்ணி வாயை மூடிக்கொள்கிறார்கள், அல்லது பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கையெழுத்திடுகிறார்கள். இரண்டும் ஆபத்து. உண்மையான காரணம் ஒன்று இருந்தால் அது அந்தத் தாளில் ஏற வேண்டும்.

தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வேலையிடத்தில் ஆங்கிலம் பேசிச் சமாளிக்கிறேனே என்ற பெருமை அங்கே உதவாது. தமிழில் படித்துக் காட்டச் சொல்லி, தவறு இருந்தால் திருத்திய பிறகே கையெழுத்து. தங்கராஜு வழக்கில், மொழிபெயர்ப்பாளர் கேட்டும் தரவில்லை என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அடுத்தது தூதரகம். 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு, கைதான வெளிநாட்டவர் கேட்டால் தாமதமின்றி அவர் நாட்டுத் தூதரகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கேட்டால் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று கேட்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தூதரக அதிகாரி வழக்காட மாட்டார். வந்து பார்ப்பார், குடும்பத்துக்குச் சொல்வார், வழக்கறிஞர் விவரம் தருவார். மரண தண்டனை வழக்குகளில் எந்த நாட்டவராக இருந்தாலும் கட்டணமின்றி வழக்கறிஞரை நியமிக்க உச்ச நீதிமன்றத்தின் திட்டம் ஒன்று இருக்கிறது. ஊரில் நிலத்தை அடகு வைக்க ஓடும் முன் இதைக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள்.

ஏமனில் தூக்கு விதிக்கப்பட்ட கேரளச் செவிலியர் நிமிஷா பிரியாவின் வழக்குச் செய்திகளைப் படித்துவிட்டு, குருதிப்பணம், அதாவது கொலையுண்டவர் குடும்பத்துக்குத் தரும் இழப்பீடு, கட்டினால் விடுவார்களா என்று ஊரிலிருந்து கேட்பார்கள். இங்கே அப்படி ஒன்று கிடையாது. 2014-ல் இலங்கையில் தூக்கு விதிக்கப்பட்ட தமிழக மீனவர் ஐவரை அந்நாட்டு அதிபர் மன்னித்தது போல இங்கும் நடக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். சிங்கப்பூரில் அதிபர் கருணை காட்டுவது அமைச்சரவையின் ஆலோசனைப்படி. 1998-க்குப் பிறகு 2025 ஆகஸ்டில்தான் ஒருவருக்கு அது கிடைத்தது.

விவாதத்தில் நம் இடம்

மரண தண்டனை கூடாது என்று நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் சக ஊழியர் எல்லோரும் அப்படி நினைப்பார்கள் என்று எண்ணாதீர்கள். 2023-ல் உள்துறை அமைச்சு எடுத்த கருத்தாய்வில், மிகக் கொடிய குற்றங்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்றவர்கள் 77 விழுக்காடு. தண்டனையின் அச்சம்தான் கடத்தலைத் தடுக்கிறது என்று அரசின் தரப்பை உலக அரங்கில் ஓயாமல் எடுத்துவைப்பவரும் ஒரு தமிழர்தான், அமைச்சர் கா. சண்முகம்.

மரண தண்டனையை எதிர்ப்பவர்கள் நகரின் ஹொங் லிம் பூங்காவில் சில நேரம் மெழுகுவத்தி ஏற்றிக் கூடுவார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் போகலாம். வேலை அனுமதியில் இருக்கும் நாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதும் குற்றமாகிவிடலாம். சரிபார்க்காத செய்தியை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். பொய்ச்செய்திக்கு எதிரான சட்டம் 2019 முதல் நடப்பில் இருக்கிறது, இந்த விவகாரத்திலும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கடவுச்சீட்டின் நகல், வேலை அனுமதி அட்டை எண், முதலாளியின் பெயர், தங்குமிட முகவரி, கிரேஞ்ச் சாலையில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண், இலங்கையராகவோ மலேசியராகவோ இருந்தால் அந்தந்தத் தூதரகத்தின் எண், இவற்றை ஒரே தாளில் எழுதிப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். எதற்கு என்று கேட்டால், கடவுச்சீட்டு தொலைந்தால் தேவைப்படும் என்று சொல்லிவிடுங்கள். அதுவும் உண்மைதான்.