“ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாப்பம்”: நெடுநாள் கிடந்த காரை எழுப்பும்போது விடும் தவறுகள்

கோடிப்பக்கத்துக் கொட்டிலில் கிடந்த காரின் மேலிருந்து தார்ப்பாயை இழுத்து எடுத்த அன்று, சுற்றி நின்ற எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். “ஒரு பற்றறியைக் கொண்டு வா தம்பி, ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாப்பம்.” பழைய காரை வீட்டில் எழுப்பும்போது வரும் கேடுகள் பெரும்பாலும் இந்த வசனத்தில்தான் தொடங்குகின்றன.

எங்களுடையது 1960ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற். முன்விளக்கு இரண்டும் பொனற்றின் மேல் தவளைக் கண் போலத் துருத்தி நிற்கும் ரகம், 1958 முதல் 1961 வரைதான் வந்தது. விளக்குகள் மடங்கி உள்ளே போகும்படி செய்யத்தான் முதலில் நினைத்தார்கள். செலவு கூடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபரில் குஞ்சியப்பா கொட்டிலில் விட்டுப் போன கார், அதற்குப் பிறகு அசையவே இல்லை.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கார் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. இதன் 948 சிசி எஞ்சின், மொறிஸ் மைனர் 1000இல் இருந்த அதே குடும்பத்து எஞ்சின். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர் மட்டும் ஒன்றுக்கு இரண்டு. ஸ்ரியறிங் றாக்கும் மைனருடையதே. ஆகவே மைனர் கழற்றிப் பூட்டிய எவருக்கும் இது புதிதல்ல. ஆனால் வில்லங்கமும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊரின் பழைய மெக்கானிக்குகள், போரால் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் கை தேர்ந்தவர்கள். சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் காரை ஓட்டிக் காட்டியவர்கள். இன்றைக்கு ஓடினால் போதும், நாளைக்கு என்பதை நாளைக்குப் பார்க்கலாம் என்ற நிலைமையில் பிறந்த கெட்டித்தனம் அது. முப்பது வருடம் கிடந்த எஞ்சினுக்கு அது பொருந்தாது.

எங்கள் காரில் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் அளவு நிறைந்தே காட்டியது. “ஒயில் இருக்கு, பிறகென்ன?” என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. விரலில் தேய்த்து முகர்ந்தேன். தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் விட்டு எரித்த ஜாம் போத்தல் விளக்கின் மணம். மண்ணெண்ணெய் பெற்றோல் போல முழுதாக ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி ஒயிலுடன் கலந்துவிடும். அளவு கூடும், கனம் குறையும். அந்தத் தண்ணீராய்ப் போன ஒயிலுடன் ஸ்ராட் பண்ணியிருந்தால் பெயாரிங்குகள் இரும்போடு இரும்பாகத் தேய்ந்திருக்கும். ஆகவே அளவு சரியாக இருந்தாலும் பழைய ஒயிலை முழுதாக வடித்து, பில்ரரையும் மாற்றி, 20டபிள்யூ-50 புதிதாக ஊற்றுங்கள்.

அதற்கும் முன் எஞ்சின் சுற்றுகிறதா என்று கையால் பார்க்க வேண்டும். உப்புக்காற்றுள்ள ஊரில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு கறள் பிடித்து ஒட்டியிருக்கும். ஸ்ராட்டர் மோட்டாரால் உதைத்தால் ரிங் உடையும், அல்லது சுவரில் கீறல் விழும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இரண்டு தேக்கரண்டி டீசலும் ஒயிலும் கலந்து விட்டு, ஒரு கிழமை மறந்துவிடுங்கள். பிறகு எஞ்சினின் முன்பக்கத்துப் பெல்ற் சக்கரத்தின் நட்டில் ஸ்பனரைப் போட்டு மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். எங்களுடையது ஒன்பதாம் நாள், ஒரு சிறு முனகலோடு விட்டுக்கொடுத்தது. அப்போதுகூடப் பிளக்கைப் பூட்டாதீர்கள். பிளக் இல்லாமலே ஸ்ராட்டரால் சுற்றி, ஒயில் அழுத்த முள் எழும்பியதைக் கண்ட பிறகுதான் மற்ற வேலை.

ராங்கியில் இருக்கும் பெற்றோல் இப்போது பெற்றோல் அல்ல. வார்னிஷ் மணம் அடிக்கும், அடியில் பிசினும் கறளும் படிந்திருக்கும். “மேலே புதுசு ஊத்தினால் கலந்திடும்” என்பவர் சொல்லைக் கேட்டால், அந்தப் பிசின் எல்லாம் பம்பிலும் காபரேற்றரிலும் வந்து குந்தும். ராங்கியை இறக்கிக் கழுவுங்கள். ஓட்டை இருந்தால் ஒட்டுவதற்கு வீட்டில் வெல்டிங் கம்பியைத் தொடவே வேண்டாம். காலியான ராங்கி நிறைந்ததை விட ஆபத்தானது. உள்ளே இருப்பது ஆவி.

இரட்டை எஸ்.யூ. காபரேற்றரில் ஆட்கள் விடும் பிழை, இரண்டையும் ஒன்றாகக் கழற்றி ஒரே தட்டில் போட்டுக் கழுவுவது. மேல் மூடியும் அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டனும் சோடியாகப் பொருத்தப்பட்டவை. மாறிப் பூட்டினால் ஒன்று சிக்கும், ஒன்று கசியும். முதலாவதை முடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். மினுக்குகிறேன் என்று எமரி கடதாசியால் தேய்க்கவும் கூடாது. பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டொக்’ என்று விழ வேண்டும், அதுதான் சோதனை.

ஈயப் பெற்றோல் இல்லாமல் ஓடினால் வால்வு ஆசனம் தேய்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். இலங்கையில் அது 2002இலேயே நின்றுவிட்டது. ஒழுங்கையில் ஆறுதலாக ஓடும் காருக்கு அவசரமில்லை. வால்வு இடைவெளியை, அதாவது 0.012 அங்குலத்தை, அவ்வப்போது பார்த்துவந்தால் போதும். அது குறைந்துகொண்டே வந்தால் வால்வு ஆசனம் தேய்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்திலின் அடியைப் பார்த்தாலே போதும், றேடியேற்றருக்குள் என்ன நடக்கும் என்று விளங்கும். மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ வடித்த தண்ணீரோ எடுத்து, கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். அதற்கு முன் எஞ்சின் புளொக்கின் பக்கத்திலுள்ள வடிகுழாயைத் திறந்து பாருங்கள். எங்களுடையதில் எதுவும் வரவில்லை. சைக்கிள் கம்பியால் குத்திய பிறகு கோப்பி நிறத்தில் சேறு வழிந்தது.

இனி பிறேக். உண்மையில் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. எஞ்சின் சத்தம் கேட்ட பிறகு யாருக்கும் இதில் மனம் போகாது. சத்தம் கேட்டால் உடனே ஒழுங்கை வரை ஓட்டிப் பார்க்கத்தான் தோன்றும். ஸ்பிறைற்றில் பிறேக்குக்கும் கிளச்சுக்கும் தனித்தனி மாஸ்ரர் சிலிண்டர் (மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் சிலிண்டர்) கிடையாது; ஒரே வார்ப்பில் இரண்டு துளை, மேலே பொதுவாக ஒரே ஒயில் கிண்ணம். நான்கு சில்லுக்கும் ஒரே இணைப்பு. எங்கோ ஒரு றப்பர் விட்டுக்கொடுத்தால் நான்கும் போய்விடும், மிஞ்சுவது கைப்பிறேக்தான். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கிடந்த காலத்தில் அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்தே அரித்திருக்கும். மிதித்தால் பிடிக்கிறதே என்று நம்ப வேண்டாம். றப்பர் குழாய்கள் வெளியே நன்றாக இருந்து உள்ளே வீங்கியிருக்கும். மிதிக்கும் அழுத்தத்தில் ஒயில் போகும், திரும்பி வராது, சில்லு பிடித்தபடியே நிற்கும். றப்பர் எல்லாம் புதிது, குழாய் எல்லாம் புதிது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கிண்ணம் வெறுமையாக இருக்கிறதே என்று எஞ்சின் ஒயிலை ஊற்றி வைத்த ஒரு காரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டே நாளில் றப்பர் எல்லாம் ஊதிப் பஞ்சாகிவிட்டது. பிறேக் சப்பாத்தைக் கழற்றும்போது தூசியைக் கொம்பிறெசரால் ஊதவும் வேண்டாம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். ஈரச்சீலையால் துடைத்துச் சீலையையும் எறிந்துவிடுங்கள்.

பற்றறி பூட்டும்போது நான் விட இருந்த பிழை ஒன்று. அந்தக் கால ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பொடியுடன், அதாவது காரின் உடலுடன், சேர்வது மைனஸ் அல்ல, பிளஸ். இன்றைய பழக்கத்தில் மாற்றிப் பூட்டினால் டைனமோவும் வயரும் பாழ். வயர்களின் சீலை உறையை எலி தின்றிருந்ததால் நேரே இணைக்கவும் பயம். ஒரு 21 வாற் பல்ப்பைப் பற்றறிக்கும் வயருக்கும் இடையில் வைத்தேன். எல்லாச் சுவிட்சும் நிறுத்தியிருக்க, பல்ப் பளிச்சென்று எரிந்தது. எங்கோ வயர் பொடியைத் தொடுகிறது. அதைத் தேடிப் பிடிக்க ஒரு பின்னேரம் போனது. பல்ப் இல்லாமல் இணைத்திருந்தால் கொட்டிலே போயிருக்கும்.

பெயின்ற் அடிக்கும் ஆசையைத் தள்ளிப் போடுங்கள். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை, பொடிதான் எலும்பு. கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழுள்ள பெட்டிதான் பாரத்தைத் தாங்குகிறது. அது உக்கியிருக்க ஜக் வைத்தால் ஜக் உள்ளே போகும். உக்கியதை வெட்டும் முன் கதவு வாயிலில் குறுக்குக் கம்பி வைத்து இறுக்காவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, கதவு பிறகு பூட்டாது. பின் வில் தகடுகள் மாட்டும் இடத்தையும் தட்டிப் பாருங்கள். பட்டி வைத்து மூடியிருந்தால் சத்தம் சொல்லிவிடும்.

பொனற்றைத் தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். மட்காட்டும் விளக்கும் சேர்ந்த ஒரே துண்டு அது, கண்ணாடிப் பக்கம் கீல். ஆடி மாதச் சோளகத்தில் தனியே திறந்து, தாங்குகம்பியைச் சரியாக மாட்டாமல் குனிந்தேன். விழுந்த பொனற்றின் நெளிவு இன்னும் இருக்கிறது. விரலை மயிரிழையில் எடுத்தேன்.

ரயரில் பூ நிறைய இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ரயரின் பக்கச் சுவரிலுள்ள திகதி எண் மூன்றே இலக்கமாக இருந்தால் 2000க்கு முந்தியது, பேசாமல் எறியுங்கள்.

இவ்வளவும் முடிந்து எஞ்சின் பிடித்தபோது, புகைக்குழாயிலிருந்து முதலில் வந்தது புகை அல்ல, குளவிக் கூட்டு மண். சத்தம் கேட்டதும் அக்சிலேற்றரை மிதித்து உறுமவிடாதீர்கள். கண் ஒயில் முள்ளில் இருக்கட்டும். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆறிய பிறகு எங்கெங்கே கசிகிறது என்று கீழே ஒரு கடதாசி விரித்துப் பாருங்கள். ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் ஊற்றிய ஒயிலைத் திரும்பவும் வடித்துவிடுங்கள். எங்களுடையதில் அப்போதும் லேசாக மண்ணெண்ணெய் மணந்தது.