விண்டோஸ் 11: மேலேயே ஏற்றுவதா, அழித்துவிட்டு நிறுவுவதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளிலும் அச்சகங்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாறுவதற்கு இரண்டு வழிகள்: இருப்பதன் மேலேயே ஏற்றும் அப்கிரேடு, சி டிரைவை அழித்து முதலிலிருந்து நிறுவும் கிளீன் இன்ஸ்டால். "ஃபார்மட் செய்தால் வேகமாகிவிடும்" என்ற பேச்சைக் கேட்டு உடனே இறங்க வேண்டாம்.

1. பொருத்தம் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியே சொல்லிவிடும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 64 ஜிபி சேமிப்பிடம், 4 ஜிபி ராம் வேண்டும். டிபிஎம் இல்லை என்று வந்தால், பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில், அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 4 ஜிபி ராம் பெயருக்குத்தான். 8 இல்லாமல் நான் தொடமாட்டேன்.

2. பேக்கப். எந்த வழியானாலும் இதைத் தவிர்க்க முடியாது. படங்களையும் ஆவணங்களையும் எல்லோரும் எடுத்துவிடுவார்கள், விட்டுப்போவது வேறு. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையின் கணக்கு டேலியில் இருந்தால், அதன் டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும். அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். ஃபார்மட் செய்வதானால், முன்னதாகவே டேலி லைசென்ஸைச் சரண்டர் செய்து, அந்தக் கணினியிலிருந்து விடுவித்துவிடுங்கள். அச்சகம் வைத்திருப்பவர்கள் எழுத்துருக்களை மறக்கக் கூடாது. பாமினியில் தட்டச்சு செய்த பழைய கல்யாணப் பத்திரிகை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை அப்படியே நகலெடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியையும் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

3. கணினி ஒழுங்காக ஓடுகிறதென்றால் அப்கிரேடு போதும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்டை இறக்கி இயக்குங்கள். கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். மின்சாரம் போய்ப்போய் வரும் நாளில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். பிடிக்காவிட்டால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி வழியாக 10 நாட்களுக்குள் பழையதற்கே திரும்பலாம்.

4. வைரஸ் புகுந்திருந்தால், அல்லது காரணம் தெரியாமல் அடிக்கடி முடங்கினால் மட்டும் கிளீன் இன்ஸ்டால். 8 ஜிபி பென்டிரைவில் மீடியா கிரியேஷன் டூலால் நிறுவல் கோப்பை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். பார்ட்டிஷன் பட்டியல் வரும்போது நிதானம் தேவை: அங்கே சி, டி என்ற எழுத்துகள் தெரியாது, அளவைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். தவறானதை அழித்தால் டி டிரைவ் போய்விடும்.

நிறுவியதும் முதலில் எழுத்துருக்கள், பிரிண்டர் டிரைவர், டேலி. ஒரு பழைய பத்திரிகையையும் சென்ற ஆண்டின் கணக்கையும் திறந்து பார்த்த பிறகே ஹார்ட் டிஸ்க்கில் உள்ள நகலை அழிக்கலாம்.