வீடியோ போட்ட பிறகு காப்புரிமை கேட்டுப் போன கதை

மடிக்கும் லேப்டாப் ஸ்டாண்ட் ஒன்றை வடிவமைத்தேன். மாதிரி நன்றாக வந்ததும், கை சும்மா இருக்கவில்லை. வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டேன். 3 மாதம் கழித்துத்தான் காப்புரிமை வழக்கறிஞரிடம் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "இதை வெளியே யாருக்காவது காட்டினீர்களா?"

விண்ணப்பத்துக்கு முன் வெளியானது எதுவும் புதுமை ஆகாது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் 1 ஆண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமையில் அந்தச் சலுகை கிடையாது. நம் வீடியோவே நமக்கு எதிரான சாட்சி!

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெளித்தோற்றமும் மடியும் விதமும் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் கீலுக்குள் இருக்கும் ஸ்பிரிங் பூட்டு எங்குமே தெரியவில்லை. எடை ஏற ஏற இறுகுவது அதுதான். உண்மையான கண்டுபிடிப்பும் அதுதான், நான்தான் தோற்றத்தில் மயங்கிக் கிடந்தேன். மாதிரியையும் யார் கையிலும் கொடுத்திருக்கவில்லை. நல்ல வேளை.

பூட்டுக்கு மட்டும் காப்புரிமை விண்ணப்பம் போட்டோம். தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு வெளியிட்ட நாளிலிருந்து 12 மாத அவகாசம் இருந்தது. மற்ற நாடுகளில் விண்ணப்பிக்கும்போது, தொழில்துறைச் சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கைப்படி முதல் காப்புரிமை விண்ணப்பத் தேதியையே 12 மாதம் வரை காட்டலாம். மடியும் விதம் மட்டும் ஐரோப்பாவில் போனது போனதுதான்.

இப்போது உற்பத்தியாளரிடம் வரைபடம் போகும் முன் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.