மாயன் பெண்களின் நெசவை விற்பவர்கள் சறுக்கும் இடங்கள்

"மாயன் கைத்தறி, இயற்கைச் சாயம், நியாய வணிகம்." ஒரு துணியின் சீட்டில் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் எழுவது சந்தேகம்தான். மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் விற்பவரே விழிக்கிறார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. நல்ல எண்ணத்தோடு கொஞ்சம் சோம்பல் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

"மாயன்" என்ற சொல்லிலேயே சறுக்கல் தொடங்குகிறது. மாயன்கள் மத்திய அமெரிக்காவிலும் தென் மெக்சிகோவிலும் வாழும் பழங்குடி மக்கள். குவாத்தமாலாவில் மட்டும் 22 மாயன் மொழிகள் பேசப்படுகின்றன. கீச்சே, கக்சிகேல், மாம், கெக்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிலம், தனி நெசவு. பெண்கள் தலை வழியாக அணியும் 'உவிப்பில்' என்ற மேற்சட்டையைப் பார்த்தே அது எந்த ஊர் என்று சொல்லிவிட முடியும். கோபான் பக்கத்தில் கெக்சிப் பெண்கள் வெள்ளை மெல்லிழைத் துணியில் வெள்ளை நூலாலேயே பூவேலை நெய்கிறார்கள். அத்தித்லான் ஏரிக்கரையில் உள்ள சாந்தா கத்தரீனா பலோபோவில் எங்கும் நீலம். இரண்டுக்கும் ஒரே சீட்டை ஒட்டினால், அந்தத் துணி சொல்ல வந்த முதல் செய்தியையே அழித்துவிடுகிறோம்.

அதே பலோபோவின் உவிப்பில் முன்பு சிவப்பாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஆயிரம் ஆண்டுகளாக மாறாத மரபு" என்று விளம்பரம் எழுதுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நெசவாளிக்கும் ரசனை மாறும், புது நிற நூல் கண்ணில் படும், பக்கத்து ஊர்ப் பூ பிடித்துப்போகும்.

விலை விஷயத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. அதற்கு அவர்களின் இடுப்புத் தறியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பாவின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களின், ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுகிறார்கள். மறுமுனை நெசவாளியின் இடுப்புக்குப் பின்னால் செல்லும் பட்டையோடு சேர்கிறது. அவர் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். தறிக்கு மரச்சட்டம் கிடையாது. அவர் உடம்புதான் சட்டம். பூவேலைக்கு வேண்டிய கூடுதல் ஊடை (குறுக்கு) நூல்களை விரலாலோ சிறு குச்சியாலோ ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கிறார். நெருக்கமான வேலைப்பாடுள்ள ஓர் உவிப்பிலுக்கு ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம்.

"எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்டு, சொன்ன நாள்களை வைத்து விலை போடுவது வழக்கம். அந்தக் கேள்வியே பிழை. சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் வயல்வேலைக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில்தான் அவர் நெய்கிறார். எனவே கேட்க வேண்டியது மணிக்கணக்கு. அதிலும் தறியில் உட்கார்ந்த நேரம் மட்டும் போதாது. நூல் சுற்றியது, பாவு ஓட்டியது, தவறிய வரிசையைப் பிரித்து மறுபடி நெய்தது எல்லாம் சேர வேண்டும். வந்த கணக்கை அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் தலை குனிய வேண்டியிருக்கும். அந்தக் கூலி அடித்தளம் மட்டுமே, அதையே உச்சமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

முன்பணம் இதைவிட முக்கியம். நூல் வாங்கப் பணமில்லாதவர் வியாபாரியிடம் கடனுக்கு நூல் எடுப்பார். நெய்ததை அந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுப்பார். நீங்கள் கடைசியில் நல்ல விலை தந்தாலும் அது போய்ச் சேரும் இடம் வேறு. கைவினைப் பொருள்களுக்கு, கேட்டால் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லா முன்பணம் தர வேண்டும் என்பது உலக நியாய வணிக அமைப்பின் கோட்பாடு. முன்பணம் தராமல் 'நியாய வணிகம்' என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பருத்திக்குரிய நியாய வணிக முத்திரையை நம்பி ஏமாறுவதும் உண்டு. அது பஞ்சு விளைவித்த விவசாயியைப் பற்றிப் பேசும். நெய்தவருக்கு என்ன கிடைத்தது என்று அது சொல்லாது.

இடுப்புத் தறியில் அகலத் துணி கேட்பதும் நடக்கிறது. கைக்கு எட்டும் தூரம்தான் துணியின் அகலம். அதனால்தான் உவிப்பிலை இரண்டு அல்லது மூன்று பட்டைகளாக நெய்து இணைக்கிறார்கள். அகலமாக வேண்டுமென்றால் ஸ்பானியர் கொண்டுவந்த மிதிதறிக்குப் போக வேண்டும். அதில் பெரும்பாலும் ஆண்களே நெய்கிறார்கள். பெண்கள் உடுத்தும் 'கோர்த்தே' பாவாடைத் துணியும், நூலைக் கட்டிச் சாயமேற்றி நெய்யும் 'ஹாஸ்பே'யும் (நமக்குத் தெரிந்த இக்கத் முறைதான்) பெரும்பாலும் அந்தத் தறியில் உருவானவை. எல்லாவற்றிலும் "பெண்கள் நெய்தது" என்று ஒட்டினால் பாதி பொய்யாகிவிடும். இயற்கைச் சாயமும் அப்படித்தான். சான் ஹுவான் லா லகூனாவின் பெண்கள் குழுக்கள் அதற்குப் பேர்போனவை. மற்றபடி சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி ஆலைச் சாயம் ஏறிய பருத்தி அல்லது அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

பழைய உவிப்பில்களை வெட்டிப் பை தைத்து, "மறுபயன்பாடு" என்று மெச்சிக்கொள்வது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வீட்டில் பணமுடை வரும்போது கைவிட்டுப்போன துணிகள் அவை. வாங்கிய விலை சொற்பம். மாதக்கணக்கில் நெய்ததற்கு அதில் ஒன்றுமே திரும்புவதில்லை. குவாத்தமாலாவின் நெசவுப் பெண்கள் 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்று, தங்கள் வடிவங்களுக்குச் சமூகத்தின் கூட்டு உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். ஒருவரிடம் துணி வாங்கிவிட்டால் அதன் வடிவத்தை அச்சடிக்கும் உரிமையும் வந்துவிடாது. மெக்சிகோவில் இதற்காக 2022 முதல் தனிச் சட்டமே நடைமுறையில் உள்ளது. அந்நாட்டின் தெற்கே உள்ள சியாபாஸ் மாநிலத்தின் மாயன் நெசவாளிகளும் அதில் அடக்கம்.

சோகக் கதையைக் கவனமாகக் கையாள வேண்டும். குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் சுமார் 2 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலோர் மாயன் மக்கள். கணவரை இழந்த பெண்கள் ஒன்றுகூடிய கூட்டுறவுகள் பல. அதற்காக ஒவ்வொரு சீட்டிலும் "விதவை நெய்தது" என்று அச்சிட வேண்டுமா? உடுத்திய உடை ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சிப் பெண்கள் உவிப்பிலைக் களைந்து மறைத்த காலம் அது. அவர்களின் பெயர், ஊர், முகம் மூன்றையும் கேட்காமலே ஊரறியப் போடுகிறோம். சம்மதம் கேளுங்கள், அவர் மொழியில் கேளுங்கள்; எல்லோருக்கும் ஸ்பானிய மொழி சரளமாக வராது. சிலர் பெயர் போடச் சொல்வார்கள், சிலர் குழுவின் பெயர் போதும் என்பார்கள்.

கடைசியாக ஒன்று, பலரும் செய்யத் தவறுவது: துணியின் பின்பக்கத்தையும் படமெடுங்கள். சான் அந்தோனியோ அகுவாஸ் காலியென்டேஸ் ஊரின் உயர்ந்த வேலைப்பாட்டில் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். வேறு ஊர்த் துணியில் பின்னால் நூல்கள் தாவிச் செல்வது தெரியும். உவிப்பில் போலவே அச்சடித்து மலிவாக வரும் ஆலைத் துணியைத் திருப்பினால் வெளிறிப்போயிருக்கும்.