ஏரிக்கரை வீட்டைப் பூட்டும் முன்

பாகூர் ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு. ஐப்பசி அடைமழை பிடித்தால் தை வரை பூட்டுதான். போன வருடம் மெத்தையைப் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டிவிட்டுப் போனேன். பொங்கலுக்குத் திறந்தால் உள்ளே வேர்த்து ஒரே பூஞ்சை. மோட்டாரும் ஜாம். ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி, தண்டில் தேங்காய் எண்ணெய் விட்டு, விசிறியைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தேன். அரை மணி நேரம் முரண்டு பிடித்த பிறகுதான் சுற்றியது.

இந்த முறை மோட்டாரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டேன். மெத்தையைக் கட்டவில்லை; பெஞ்சு மேல் நிமிர்த்தி வைத்தேன். அலமாரிக் கதவுகளும் திறந்தே இருக்கின்றன. அப்புறம், குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையில் ஒரு செங்கல். தவளை உள்ளே வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும்.